கண்ணாடியைக் கழற்றும் லேசர்: அவசரப்படலாமா?

கரும்பலகை எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று மருத்துவரிடம் போகிறீர்கள். கிட்டப்பார்வை என்று கூறி, சீட்டில் மைனஸ் 2 என்றோ மைனஸ் 3 என்றோ எழுதிக் கொடுக்கிறார். கண்ணாடி வருகிறது. கூடவே கேலியும் வருகிறது. அடுத்த ஆண்டு பவர் சற்று ஏறுகிறது. அப்போது வீட்டில் யாராவது ஒருவர், "லேசர் வைத்தால் கண்ணாடியே வேண்டாமாமே, பத்து நிமிட வேலைதானாமே!" என்கிறார். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வரை, பள்ளி மாணவர் உள்ள பல வீடுகளில் இன்று இந்தப் பேச்சு அடிபடுகிறது.

மாணவர்களே, என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். லேசர் சிகிச்சை நல்ல சிகிச்சைதான். ஆனால் அது வளர்ச்சி முடிந்த கண்ணுக்கு உரியது. நன்கு சோதிக்கப்பட்ட கண்ணுக்கு உரியது. தானே விரும்பி முடிவெடுப்பவருக்கு உரியது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் கண்ணாடியே மேல். இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சென்னையில் பிறந்தவரின் கண்டுபிடிப்பு

இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. ரங்கசாமி சீனிவாசன் 1929-ல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949-ல் இளநிலைப் பட்டமும் 1950-ல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் அறிஞராகப் பணிபுரிந்தார். ஆர்கான், ஃபுளோரின் என்னும் இரு வாயுக்களைக் கொண்டு இயங்கும் எக்சைமர் லேசரைப் பயன்படுத்தி, பிளாஸ்டிக் பொருள்களில் நுட்பமாகச் செதுக்குவதை அவர் ஆராய்ந்து வந்தார். இந்த லேசர் வெளியிடுவது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர். அதன் அலைநீளம் 193 நானோமீட்டர்.

1981 நவம்பரில் அமெரிக்கர்களின் நன்றி கூறும் திருநாள் வந்தது. விருந்தில் மீந்த வான்கோழித் துண்டுகளை மறுநாள் சீனிவாசன் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றார். அதன் குருத்தெலும்பில் லேசரைப் பாய்ச்சியபோது கதிர் பட்ட இடம் மட்டும் கூரான விளிம்புடன் அகன்றது. சுற்றியிருந்த இடம் கருகவில்லை. அவருடன் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகிய இருவரும் இந்த ஆய்வில் பங்கு கொண்டனர்.

ஏன் கருகவில்லை? புறஊதா ஒளியின் ஒரு ஃபோட்டானில் 6.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ளது. புரத மூலக்கூறில் கார்பன் அணுக்களைச் சேர்த்துவைத்திருக்கும் பிணைப்பை அறுக்க 4 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவாகவே போதும். ஆகவே ஒளியே பிணைப்புகளை அறுத்து, மிக மெல்லிய ஓர் அடுக்கை ஆவியாகக் கிளப்பிவிடுகிறது. வெப்பம் பக்கத்துக்குப் பரவ நேரமே இருப்பதில்லை. ஒரு துடிப்பில் அகலும் அடுக்கு ஏறத்தாழ கால் மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதைக் கண்ணுக்குப் பயன்படுத்தலாம் என்று முயன்றவர் ஸ்டீபன் டிராக்கெல் என்னும் கண் மருத்துவர். அவரும் சீனிவாசனும் சேர்ந்து 1983-ல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டனர். 1988-ல் பார்வையுள்ள மனிதர் ஒருவருக்கு இச்சிகிச்சை முதன்முறையாகச் செய்யப்பட்டது. அதையடுத்து கிரேக்க மருத்துவர் பல்லிக்காரிஸ் போன்றோர் உருவாக்கியதே இன்று எல்லோரும் சொல்லும் லேசிக் முறை.

எவ்வளவு செதுக்கலாம்?

கண்ணின் கருவிழிக்கு முன்னால், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல ஒரு தெளிவான படலம் இருக்கிறது. இதுவே கார்னியா. கண்ணுக்குள் ஒளியைக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது இந்தப் படலமே. கிட்டப்பார்வை உள்ள கண் பெரும்பாலும் சற்று நீண்ட கண். பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. கார்னியாவின் நடுப்பகுதியைச் சிறிது தட்டையாக்கினால் பிம்பம் பின்னோக்கி நகர்ந்து விழித்திரையில் விழும். லேசர் செய்வது இவ்வளவுதான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 6 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தைச் செதுக்கினால், ஒரு டயாப்டர் பவரைக் குறைக்க ஏறத்தாழ 12 மைக்ரான் ஆழம் வேண்டும். மைனஸ் 4 என்றால் 48 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிப்புகூட இல்லை!

கார்னியாவின் நடுத்தடிப்பு பலருக்கு 540 மைக்ரானை ஒட்டியிருக்கும். லேசிக் முறையில் முதலில் மேலே ஒரு மெல்லிய மடலை வெட்டித் தூக்குவார்கள். அதன் தடிப்பு 110 மைக்ரான் என்று கொள்வோம். 540-லிருந்து 110-ஐயும் 48-ஐயும் கழித்தால் 382 மைக்ரான் அடியில் மிஞ்சும். குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது மருத்துவர்களிடையே நெடுநாளாக உள்ள வரம்பு. பலர் 300-க்குக் கீழே போகவே தயங்குவர்.

இப்போது மைனஸ் 10 பவரும் 480 மைக்ரான் தடிப்பும் உள்ள ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 480-லிருந்து 110-ஐயும் 120-ஐயும் கழித்தால் மிஞ்சுவது சரியாக 250. வரம்பின் விளிம்பு! ஆகவே, "எனக்கு எப்படிச் செய்தார்களோ அப்படியே உனக்கும் செய்வார்கள்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வது சரியாகாது. உங்கள் கண்ணின் கணக்கு வேறு.

செதுக்கியது மீண்டும் வளராது என்பதையும் மறக்கக் கூடாது. கண்ணாடி பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். கார்னியாவை மாற்றிக்கொள்ள முடியாது.

சிகிச்சையன்று என்ன நடக்கும்?

உண்மையான வேலை அன்றைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைச் சில நாட்களோ வாரங்களோ முன்னதாக நிறுத்த வேண்டும். லென்ஸ் அழுத்திக்கொண்டிருந்தால் கார்னியாவின் அளவுகள் பிழையாகிவிடும். கார்னியாவின் தடிப்பு, அதன் மேடுபள்ளங்களின் வரைபடம், கண்ணீர்ச் சுரப்பு, கண்மணியை விரித்து விழித்திரைச் சோதனை ஆகிய யாவும் பார்க்கப்பட வேண்டும். சிலருக்குக் கார்னியா மெல்ல மெல்லக் கூம்பு வடிவமாகும் குறை உண்டு. பெரும்பாலும் பதின்வயதிலும் இருபதுகளிலும் தலைகாட்டும் இக்குறை உள்ளவருக்கு லேசர் செய்தால் பார்வை மேலும் கெடும். "உங்களுக்குச் செய்யக் கூடாது" என்று ஒரு மருத்துவர் சொன்னால் அவருக்கு நன்றி கூறிவிட்டு வாருங்கள். செய்கிறேன் என்று சொல்லும் வேறொருவரைத் தேடி அலையாதீர்கள்.

சிகிச்சையன்று மயக்க ஊசி கிடையாது. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரத்துப்போகச் செய்வார்கள். இமைகள் மூடாதபடி ஒரு சிறு கவ்வி பொருத்துவார்கள். ஒரு வளையம் கண்ணைப் பற்றிக்கொள்ளும்போது அழுத்தம் தெரியும். சில விநாடிகள் பார்வை இருண்டுபோகும். பலர் பயப்படுவது இந்த இடத்தில்தான். எதிர்பார்த்திருந்தால் பயம் குறையும்.

நுண்ணிய அலகாலோ வேறொரு லேசராலோ மடலை வெட்டி, புத்தகத்தின் தாளைப் புரட்டுவதுபோல் புரட்டுவார்கள். மேலே மின்னும் ஒளிப்புள்ளியையே நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். லேசர் 'டிக் டிக்' என்று ஒலிக்கும். முடி பொசுங்குவது போன்ற வாடை வரும். கண் எரிகிறதோ என்று அஞ்ச வேண்டாம். வான்கோழித் துண்டில் கண்டதுபோல் மூலக்கூறுகள் பிரிந்து ஆவியாகும் வாடை அது. கண் சற்று அசைந்தாலும் கருவி அதைத் தொடர்ந்து பின்பற்றும். மிகுதியாக அசைந்தால் தானே நின்றுவிடும். லேசர் பாயும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்தான். மடலை மீண்டும் மூடுவார்கள். தையல் இல்லை.

மடல் வெட்டாத முறைகளும் உண்டு. பி.ஆர்.கே. முறையில் கார்னியாவின் மேல்தோலை மட்டும் அகற்றிவிட்டுச் செதுக்குவர். தோல் மீண்டும் வளரும்வரை மூன்று நான்கு நாட்கள் வலி இருக்கும். பார்வை தெளிய வாரங்கள் ஆகலாம். மடல் இல்லாததால் அடிபட்டு அது நகர்ந்துவிடும் கவலை இல்லை. ஸ்மைல் முறையில் கார்னியாவின் உள்ளேயே லென்ஸ் வடிவத் துண்டு ஒன்றை லேசரால் பிரித்து, சிறு கீறல் வழியே உருவி எடுப்பர்.

வீடு திரும்பிய பிறகு

முதல் சில மணி நேரம் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், நீர் வடியும், வெளிச்சம் கூசும். மருந்து விட்டுக்கொண்டு உறங்குவதே நல்லது. மறுநாள் காலையில் சுவரிலுள்ள நாள்காட்டி கண்ணாடியின்றித் தெளிவாகத் தெரிவது பலருக்கும் கிடைக்கும் மகிழ்ச்சி. அதில் மறுப்பில்லை.

ஆனால் ஆறும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. மறுநாளே மருத்துவர் பார்க்க வேண்டும். திசையன்விளையிலிருந்தோ களக்காட்டிலிருந்தோ வருபவர்கள் அன்றிரவு நகரிலேயே உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. துணைக்கு ஒருவர் இல்லாமல் போகக் கூடாது. பேருந்தில் சன்னலோர இருக்கை வேண்டாம். காற்றும் தூசியும் ஆகா. உறக்கத்தில் கை தெரியாமல் கண்ணைக் கசக்கிவிடும் என்பதால், இரவில் கண்ணுக்குக் கவசம் அணிய வேண்டும்.

இனி, நம் பகுதிக்கே உரிய சில எச்சரிக்கைகள். தாமிரபரணிக் கரையில் வாழ்பவர்களுக்கு ஆற்றில் முங்கிக் குளிக்காத நாள் ஒரு நாளா? பாபநாசத்திலோ குறுக்குத்துறையிலோ தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் அதில் நுண்ணுயிர்கள் இருக்கும். அமீபா வகை ஒன்று ஆற்று நீரிலும் குழாய் நீரிலும் வாழ்கிறது. நலமான கார்னியாவில் அது எளிதில் நுழையாது. ஆறாத கார்னியாவில் நுழைந்தால் பார்வையைக் கெடுக்கும் புண்ணாகும். குற்றாலத்து அருவியிலோ கிருமியோடு வேகமும் சேர்ந்துகொள்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீர் ஆறாத மடலை நகர்த்திவிடலாம். மருத்துவர் 'சரி' என்று சொல்லும்வரை, ஒரு மாதமோ இரு மாதமோ, ஆறும் அருவியும் காத்திருக்கட்டும். வீட்டில் எண்ணெய்க் குளியலும் சீயக்காய்த் தூளும் அதுவரை வேண்டாம். கண்மை இரண்டு வாரம் வேண்டாம். கபடிக்கும் சிலம்பத்துக்கும் குறைந்தது நான்கு வாரம் விடுமுறை கொடுங்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைப் பக்கமிருந்து வீசும் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மடல் வெட்டும்போது கார்னியாவின் நுண்ணிய நரம்புகளும் வெட்டுப்படுகின்றன. அவை மீண்டும் வளரும்வரை, கண் உலர்ந்துவிட்டது என்னும் செய்தி மூளைக்குச் சரியாகப் போவதில்லை. கண்ணீரும் குறைவாகவே சுரக்கிறது. ஆகவே சில மாதங்கள் கண் உலர்ந்து உறுத்தும். அந்தக் காற்று அதை மிகுதியாக்கும். செயற்கைக் கண்ணீர் மருந்தும், வெளியே போகும்போது தூசிக் கண்ணாடியும் தேவைப்படும்.

பாட்டி அன்போடு விளக்கெண்ணெயோ தாய்ப்பாலோ விடச் சொல்வார். பணிவாக மறுத்துவிடுங்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் குறித்த நாளுக்கு மேல் மருந்துக் கடையில் நீங்களே வாங்கி விடாதீர்கள். அது கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்தும். வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, தெளிந்த பார்வை மங்கினாலோ அடுத்த தவணை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

விளம்பரம் சொல்லாத செய்தி

அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பு லேசிக் செய்துகொண்டவர்களையே கேட்டு நடத்திய ஆய்வின் முடிவுகள் 2017-ல் வெளியாயின. 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தம் பார்வையில் மனநிறைவு கொண்டிருந்தனர். அதே ஆய்வில், முன்பு இத்தொல்லைகள் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரையிலானோர் மூன்றாம் மாதத்தில் ஒளிவட்டம், கூச்சம் போன்ற புதிய தொல்லை ஒன்றையாவது கண்டனர். கண் உலர்வு இல்லாதிருந்தவர்களில் 28 சதவீதம் வரையிலானோருக்கு அது புதிதாக வந்தது. அன்றாட வேலையையே பெரிதும் பாதிக்கும் அளவுக்குத் தொல்லை கண்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

இந்த எண்களை இரண்டு பக்கமும் படியுங்கள். பயந்து ஓட வேண்டிய சிகிச்சை இது அல்ல. எதிர்வரும் லாரியின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் பொறுத்துக்கொள்வோமா என்று யோசிக்காமல் செய்துகொள்ள வேண்டியதும் அல்ல.

லேசர் மாற்றாதவை சிலவும் உண்டு. கண்ணின் நீளம் மாறாது. சராசரிக் கண்ணின் நீளம் ஏறத்தாழ 24 மி.மீ.; ஒரு மி.மீ. கூடினால் மைனஸ் 2.5 அல்லது 3 பவர் ஏறும். நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். கண்ணாடி போன பிறகும் அது அப்படியேதான் இருக்கும். திடீரென மின்னல் போன்ற ஒளியோ, மிதக்கும் கரும்புள்ளிகளோ தோன்றினால் ஓடிப்போய்க் காட்ட வேண்டும். நாற்பது வயதை ஒட்டி வரும் வெள்ளெழுத்தையும் லேசர் தடுக்காது. வயதான காலத்தில் கண்புரைக்கு லென்ஸ் வைக்க நேர்ந்தால், கார்னியாவின் பழைய அளவுகள் மருத்துவருக்குத் தேவைப்படும். ஆகவே லேசர் செய்த சீட்டுகளை வீட்டுப் பத்திரம் போலப் பாதுகாக்க வேண்டும்.

யார் முடிவு செய்ய வேண்டும்?

பதினெட்டு வயதுக்கு முன் இச்சிகிச்சை பொதுவாகச் செய்யப்படுவதில்லை. வயது நிறைந்தாலும், ஓராண்டாவது பவர் மாறாமல் நின்றிருக்க வேண்டும். வளர்கின்ற கண்ணுக்கு இன்று செதுக்கினால் நாளை பவர் மீண்டும் ஏறும். மறுபடி செதுக்கப் படலம் போதாமல் போகலாம்.

ஆனால் நம் ஊர்களில் அவசரம் வேறு இடங்களிலிருந்து வருகிறது. "பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் கண்ணாடி போய்விட வேண்டும்" என்று ஒரு பெண்ணின் கண்ணைப் பிறர் முடிவு செய்கிறார்கள். இது தவறு என்று நான் கருதுகிறேன். செதுக்கப்படுவது அவள் கண். உலர்வையும் கூச்சத்தையும் தாங்கப்போவது அவள். விருப்பமும் அவளுடையதாகவே இருக்க வேண்டும். கண்ணாடி ஒரு குறை என்று கருதும் வீட்டின் பார்வையைத் திருத்த எந்த லேசரும் இல்லை.

வேலைக்காகச் செய்துகொள்ளும் இளைஞர்களும் பலர். பாளையங்கோட்டை மைதானங்களில் விடியற்காலையில் ஓடிப் பழகும் அண்ணன்மாரிடம் இதைச் சொல்லுங்கள்: முதலில் விதியைப் படிக்க வேண்டும். ரயில்வேயின் உதவி ஓட்டுநர் பணிக்கான 2024-ஆம் ஆண்டு அறிவிப்பில், பார்வைக் குறைக்கு லேசிக் செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள் என்றே கூறப்பட்டிருந்தது. வேலைக்காகச் செய்துகொண்ட சிகிச்சையே வேலைக்குத் தடையானால் என்ன செய்வது? வேறு சில படைகளும் துறைகளும் வயது, சிகிச்சைக்குப் பின் கழிந்த மாதங்கள், கண்ணின் நீளம் போன்றவற்றுக்கு நிபந்தனை விதித்து ஏற்கின்றன. ஒவ்வோர் அறிவிப்பையும் படித்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

அதுவரை செய்ய வேண்டியவை

எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-ல் அதன் கிளை திருநெல்வேலிக்கும் வந்தது. ஹைகிரவுண்டிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களின் கண்ணைச் சோதித்து இலவசக் கண்ணாடி வழங்க, 2009-ல் 'கண்ணொளி காப்போம்' திட்டம் தொடங்கப்பட்டது. ஆகவே, நல்ல கண் சோதனைக்கும் சரியான கண்ணாடிக்கும் நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை பவரைச் சோதித்துச் சீட்டுகளைத் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். பவர் நின்றுவிட்டதா என்பதைப் பின்னாளில் அந்தச் சீட்டுகளே சொல்லும்.

இன்னொன்று. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அங்கே சிறு குழந்தைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளிப்புற வகுப்பு வைத்தார்கள். மூன்றாண்டுக்குப் பின், வழக்கம்போல் படித்த குழந்தைகளில் 39.5 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே சென்றவர்களில் 30.4 சதவீதத்தினருக்கே வந்திருந்தது. உங்களுக்கு வந்துவிட்ட கிட்டப்பார்வையை வெயில் போக்காது. ஆனால் உங்கள் தம்பி தங்கைக்கு வராமலிருக்க உதவலாம். மாலையில் அவர்களைச் செல்பேசியிலிருந்து பிரித்து, வயல்வெளிக்கோ ஆற்றங்கரைக்கோ அழைத்துச் செல்லுங்கள். உங்கள் கண்ணாடியை அணிந்துகொண்டே செல்லுங்கள். உங்கள் கண்ணுக்கு லேசர் வேண்டுமா வேண்டாமா என்பதை, கண் வளர்ந்து நின்ற பிறகு, கணக்கைப் போட்டுப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.